அலகுச் சோதனையும் அப்புத்தளையின் ஆறெழுத்தும்

‘அப்புத்தளை’ என்னும் ஊர்ப்பெயரில் எழுத்துகள் எத்தனை என வினவின், தமிழ் கற்கும் சிறுவரும் ஆறு என்பர். ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ பத்து என்கின்றது. ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகளாதலின், அவற்றையும் அது சேர்த்து எண்ணிவிடுகின்றது. இணையச் செயலிகளைத் தானியங்கி அலகுச் சோதனைக்கு உட்படுத்தும் முறையின் ஆற்றலையும் குறைபாட்டையும் இவ்வேறுபாடு ஒருங்கே காட்டுகின்றது.

அம்முறையின் அடிப்படை எளியது. கொழுந்து நிறுக்கும் தராசை, நிறை தெரிந்த படிக்கல்லை இட்டுச் சரிபார்ப்பதை அது ஒக்கும். செய்நிரலின் ஒவ்வொரு சார்புக்கும் தெரிந்த உள்ளீடு ஒன்று தரப்படுகின்றது. வரவேண்டிய விடை முன்னரே எழுதப்படுகின்றது. விடை ஒவ்வாவிடத்துச் சோதனை தோல்வியுறுகின்றது. கெண்ட் பெக், எரிக் காமா ஆகியோர் 1997இல் ஜாவா மொழிக்கு ஆக்கிய ஜேயூனிட் இம்முறையைப் பரவச் செய்தது. 2014இல் வெளிவந்த ஜெஸ்ட் முதலிய கருவிகள் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அதனை எளிதாக்கின. நிரல் திருத்தப்படுந்தோறும் சோதனைகள் தாமே இயங்குமாறு அமைக்கலாம். நேற்றுச் சரியாயிருந்தது இன்று பழுதுபடின் உடனே புலப்படுவது இதன் பெரும்பயன்.

ஆயின், வரவேண்டிய விடையை எழுதுபவர் யார் என்பதே முதன்மையான வினா. ஆங்கிலப் பெயர்களை மட்டும் உள்ளீடாகக் கொண்ட சோதனைகள் அனைத்தும் வெற்றி பெறலாம். நிரலின் எல்லா வரிகளும் சோதிக்கப்பட்டன என்ற அறிக்கையும் கிடைக்கலாம். அதே செயலியில் ‘கோமதி’ என்னும் பெயரைப் பதியும்போது நிலைமை வேறாகின்றது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. அப்புத்தளையைச் சூழ்ந்த தோட்டமொன்றின் செக்ரோல் இத்தகைய செயலிக்கு மாற்றப்படுமாயின், ஒரே தொழிலாளி இருவராவார். அவர் உழைத்துப் பெற்ற ‘பேர்’ இரு கணக்குகளில் சிதறும். இருவடிவையும் ஒன்றாக்கும் ‘நார்மலைஸ்’ சார்பு 2015 முதல் அம்மொழியிலேயே உள்ளது. எனினும், அதனை வேண்டும் சோதனை எழுதப்படாதவரை அதன் இன்மை வெளிப்படாது.

நடப்பு வெளியீட்டையே சரியான விடையாகப் பதிந்துகொள்ளும் ‘ஸ்னாப்ஷாட்’ முறையை ஆராயாது கையாளின், இக்குறை மேலும் வளரும். பத்து என்னும் பிழையே அங்கு இலக்கணமாகிவிடும்.

படிக்கல் பிழையாயின் தராசின் நடுநிலையால் பயனில்லை. ‘க்ஷ’ ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்பதைக் கருவி தீர்மானிக்க இயலாது. மொழியறிந்தோரே ஆய்ந்து, சோதனையாக எழுதுதல் வேண்டும். கணினித் துறையில் இலக்கணம் கற்றோர்க்கு இடமில்லை என்னும் கருத்து இங்கே வலுவிழக்கின்றது.