செய்தியின் வரிசையும் வதந்தியின் மொழியும்

பத்திரிகையின் சமுதாயப் பணி குறித்து நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் அதனை மக்களின் குரல் என்றும் ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்றும் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றன. இத்தகைய போற்றுதலால் பத்திரிகையாளனுக்கும் பயனில்லை, வாசகனுக்கும் பயனில்லை. பத்திரிகை தன் கடமையைச் செய்ய இயலாது போன ஒரு சந்தர்ப்பத்தை எடுத்து நோக்குவோமாயின், அக்கடமை யாதென்பது ஓரளவு தெளிவாகப் புலப்படும். அத்தகைய சந்தர்ப்பம் ஒன்றிலே பிறந்த நூல்தான் டார்ஸி விட்டாச்சி எழுதிய ‘எமர்ஜென்சி ’58’.

விட்டாச்சி அக்காலத்தில் ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகையின் ஆசிரியர். நையாண்டி எழுத்திலே பெயர் பெற்றவர். 1958 மே மாத இனக்கலவரத்தின்போது, 27ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. நாடு எரிந்துகொண்டிருந்த வேளையில் அவ்வெரிவை அச்சிட முடியாத நிலையிலே பத்திரிகை அலுவலகங்கள் இருந்தன. அவ்வாண்டிலேயே இந்நூல் லண்டனில் வெளிவந்தது. தன் மேசையிலிருந்து எழுதமுடியாததை ஒரு பத்திரிகாசிரியன் கடல் கடந்து அச்சிட நேர்ந்தமையே இந்நூல் பற்றிய முதலாவது குறிப்பாக அமையவேண்டும். அடுத்த ஆண்டு அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. விருதுக்குரிய எழுத்துக்குச் சொந்த நாட்டுப் பத்திரிகையிலே இடமிருக்கவில்லை.

நூலின் வன்மை அதன் கோபத்தில் இல்லை. நாட்களை அது வரிசைப்படுத்திய முறையிலேயே உள்ளது. 1958 ஏப்ரிலில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் வவுனியாவிலே தமிழரசுக் கட்சியின் மாநாடு நடைபெறவிருந்தது. மே 22இல் பொலனறுவைப் புகையிரத நிலையத்தில், மாநாட்டுக்குச் செல்வோரை எதிர்பார்த்து நின்ற கூட்டத்தினர் தாக்குதலைத் தொடங்கினர். தொடர்ந்து அப்பகுதியின் அரசாங்கக் கரும்புத் தோட்டத்திலே தமிழ்த் தொழிலாளர் வெட்டப்பட்டனர், எரிக்கப்பட்டனர். மட்டக்களப்புப் பகுதியிலே சேனவிரத்ன என்ற சிங்களப் பிரமுகர் சுட்டுக்கொல்லப்பட்டது மே 25இல். மறுநாள் வானொலியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றிய பிரதமர் பண்டாரநாயக்க, கலவரத்தின் தொடக்கத்தை இந்தக் கொலையோடு தொடர்புபடுத்திப் பேசினார்.

பிரதமர் கூறிய கொலை உண்மையானது. அதன் பெயரும் இடமும் உண்மையானவை. பிழையானது வரிசை மாத்திரமே. பின்னர் நிகழ்ந்தது முன்னே வைக்கப்பட்டதும், மூன்று நாட்களாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே வாக்கியத்தில் கலவரத்தைத் தொடக்கியவர்களாயினர். விட்டாச்சி இதனை மிகக் கடுமையாகச் சுட்டிக்காட்டுகின்றார். அவ்வுரையின் பின்னர் தென்னிலங்கையில் வன்முறை மேலும் பரவியமையை அவர் நாள்வாரியாகக் காட்டிச் செல்வதால், அக்கடுமையை மிகை என்று தள்ளிவிட முடியவில்லை. பத்திரிகை மொழியிலே திகதியைப் போல் உணர்ச்சியற்ற சொல் வேறில்லை. அன்று நாட்டுக்கு வேண்டியிருந்ததோ அந்த உணர்ச்சியற்ற சொல்தான். தணிக்கை, கோபமூட்டும் தலையங்கங்களைத் தடுக்கும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அது திகதிகளையும் சேர்த்தே தடுத்தது.

இதே குறைபாடு 1983 ஜூலையில் வேறு வடிவத்திலே தோன்றியது. திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்ட செய்தி பத்திரிகைகளிலே பெரிதாக வெளிவந்தது. அதன் பின்னர் யாழ்ப்பாணத்தில் படையினரால் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி அந்நாட்களில் வெளிவரவில்லை. 1958இல் வரிசை புரட்டப்பட்டது. 1983இல் வரிசையின் பாதி வெட்டப்பட்டது. இவற்றுள் எது கொடிது என்று நிறுத்துப் பார்ப்பது வீண்வேலை.

நூலிலே நெஞ்சை உலுக்கும் மற்றொரு பகுதி பாணந்துறை பற்றியது. மட்டக்களப்பிலே கற்பித்த பாணந்துறைச் சிங்கள ஆசிரியை ஒருவர் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார் என்ற வதந்தி அவ்வூரிலே பரவியது. கூட்டம் இந்துக் கோயிலுக்குச் சென்றது. அங்கிருந்த அர்ச்சகர் உயிரோடு கொளுத்தப்பட்டார். கல்வித் திணைக்களத்தினர் பதிவுகளைப் பார்த்தபோது, பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவரும் மட்டக்களப்புப் பாடசாலைகளில் இருக்கவில்லை. இல்லாத ஒருத்தியின் பொருட்டு இருந்த ஒருவர் எரிந்தார்.

இவ்விடத்து நூலாசிரியரோடு நாம் சிறிது முரண்பட வேண்டியுள்ளது. செய்தி அடக்கப்பட்ட இடத்திலே வதந்தி செய்தியாகிறது என்பது அவர் நூலிலிருந்து பெறப்படும் முடிவு. அது பொருந்தும், ஆயினும் போதாது. பாணந்துறை வதந்தி சிங்களத்திலே நடந்தது. கிழக்கிலே பரவிய வதந்திகள் தமிழிலே நடந்தன. அவற்றை மறுத்த நூலோ ஆங்கிலத்திலே, லண்டனிலே அச்சாயிற்று. தணிக்கையே இல்லாதிருந்தாலும் ‘ஒப்சேவர்’ எழுதும் மறுப்பை, கோயில் வாசலிலே தீப்பந்தத்தோடு நின்றவன் வாசித்திருப்பானா? ஒரே ‘லேக் ஹவுஸ்’ கூரையின் கீழே ‘தினமின’வும் ‘தினகர’னும் ‘ஒப்சேவ’ரும் வெளிவந்தன. ஆங்கில மேசையிலே தெரிந்த உண்மை சுதேச மொழி மேசைகளுக்கு எவ்வளவு சென்றது, அங்கிருந்து எவ்வளவு திரும்பி வந்தது என்ற வினாவை விட்டாச்சி எழுப்பவேயில்லை. ஆங்கிலங் கற்ற கொழும்பு வர்க்கத்தின் மனச்சாட்சியை நோக்கியே அவர் பேசுகின்றார். அதனாலேயே மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்கவின் மாளிகையிலே நிகழ்ந்தவற்றை வர்ணிக்கும்போது அவர் பேனா சுறுசுறுப்பாக ஓடுகிறது. மனிதர் தனித்தனிக் குணங்களோடு நடமாடுகின்றனர். கரும்புத் தோட்டத் தொழிலாளரோ பெரும்பாலும் கூட்டமாகவே வருகின்றனர், கூட்டமாகவே சாகின்றனர். நிருபன் ஒருவன் அவர்கள் மத்தியிலே சென்று பெயர் கேட்டு எழுதியிருப்பானாயின் நூல் வேறாக இருந்திருக்கும். நையாண்டியும் சில இடங்களிலே பாரத்தைக் குறைத்துவிடுகிறது. அவருக்குக் கைவந்த ஆயுதம் என்பதற்காக எல்லா இடத்தும் அதை வீசியிருக்க வேண்டியதில்லை.

இக்குறைகளைச் சுட்டுவது நூலைத் தாழ்த்துவதற்கன்று. தன் இனத்தவரின் பெயரால் நிகழ்ந்ததைத் தன் இனத்தவர்முன் திகதியிட்டு எழுதிய துணிவு, நம் மொழிப் பத்திரிகைகளிலும் அரிதாகவே காணப்பட்ட ஒன்று. தமிழர் கையால் நிகழ்ந்தவற்றைத் தமிழிலே திகதியிட்டு எழுதியோர் எத்தனை பேர்?

தணிக்கை அதிகாரியின் பேனா இன்று பழங்கதை போலத் தோன்றலாம். 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையிலே முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்து கலக்கப்பட்டது என்ற வதந்தி கைபேசி வழியாகச் சிங்களத்திலே பரவியது. அந்நேரம் நாட்டில் அவசரகால நிலை இருக்கவில்லை. மும்மொழியிலும் நாளிதழ்கள் வெளிவந்துகொண்டிருந்தன. உணவிலே அத்தகைய மருந்து எதுவுமில்லை, காணப்பட்டது மாக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்கு முன்னரே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டாயிற்று.