எடை ஒன்று, வேகம் வேறு: 2019 கட்டுரை ஒன்றை மறுபடி வாசித்தபோது

அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்மித் குழு 2019-ல் வெளியிட்ட கட்டுரை இது. ஐசோடோப்பில் மட்டும் வேறுபடும் மூலக்கூறுகளை அயனி நகர்திறன் முறையில் பிரித்ததாகச் சொல்கிறது. முதல் வாசிப்பில் எனக்குப் பிடித்த பகுதி இப்போது பிடிக்கவில்லை. அப்போது வேகமாகத் தாண்டிப்போன பகுதிதான் இப்போது முக்கியமாகப் படுகிறது.

இந்த முறையில் வாயு நிரம்பிய பாதையில் மின்புலம் அயனிகளைத் தள்ளும். பருத்த அயனி அதிகம் மோதும், மெதுவா வரும். அதனால்தான் "நிறைமானி எடை பார்க்கும், இது உருவம் பார்க்கும்" என்று நாமெல்லாம் பாடம் படித்தோம்.

கட்டுரையின் முதல் பாதி, எடை வேறுபடும் ஐசோடோப் வகைகளைப் பிரித்தது. இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? 1958-ன் மேசன்-ஷாம்ப் சமன்பாட்டிலேயே அயனியும் வாயுவும் சேர்ந்த குறைநிறை இருக்கிறது. புரோட்டான் ஏறிய அர்ஜினின் நிறை 175. அதில் ஒரு அலகு கூட்டினால் நைட்ரஜனில் நகர்திறன் சுமார் 0.04% மாறும், ஹீலியத்தில் 0.006%தான். போட்டுப் பார்த்தால் நமக்கே வரும் கணக்கு. அதோடு, பின்னாடியே நிறைமானி உட்கார்ந்திருக்கு. ஒரு அலகு வித்தியாசத்தை அது சிரமமில்லாமல் காட்டிவிடும்.

ஹீலியத்தில்தான் கதை மாறுது. எடையின் பங்கைக் கழித்த பிறகும் அர்ஜினின் வகைகளுக்குள் ஒரு விலகல் மிஞ்சியது. பிறகு அயோடோ-டிஎம்டி குறியீடுகளை எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் நாலு கார்பன்-13, ஒரு நைட்ரஜன்-15. எண்ணிக்கை ஒன்றே, உட்காரும் இடம் மட்டும் வேறு. நிறைமானிக்கு முழு அயனிகள் எல்லாம் ஒன்றுதான். சமன்பாடு சொல்லும் வித்தியாசம் பூஜ்யம். கிடைத்ததோ 0.04% வரை.

உலக்கைக்குப் பூண் நுனியில் இருப்பதற்கும் நடுவில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி இது. மொத்த எடை அதேதான், ஆனால் தூக்கிப்போட்டால் சுழலும் விதம் வேறு. சுழற்சி மாறினால் மோதலில் கைமாறும் உந்தமும் மாறும் என்பது அவர்கள் விளக்கம்.

இங்கே எனக்கு இரண்டு குறை. விலகல் நிறை மையத்தின் நகர்வோடு ஒத்துப்போகிறது என்கிறார்கள். ஆனால் கனமான அணு இடம் மாறினால் நிறை மையமும் நிலைமத் திருப்புத்திறனும் சேர்ந்தேதான் மாறும். எது காரணம் என்று இந்தத் தரவு பிரித்துச் சொல்லாது. இரண்டாவது, அவர்கள் கருவியில் ஓடுவது நகரும் அலை. சமன்பாடோ வலுக்குறைந்த சீரான புலத்துக்கானது. கழித்து மிஞ்சிய அர்ஜினின் விலகலில் அந்தத் தோராயமும் ஒளிந்திருக்கலாம். டிஎம்டி சோதனைக்கு இந்தச் சிக்கல் கிடையாது, எடைத் திருத்தமே வேண்டாமே! அதைத்தான் முன்னால் வைத்திருக்கணும்.

மோதல் குறுக்குவெட்டுத் தரவுத்தளங்களை இது இன்றே குலைத்துவிடாது. 2017-ல் நாலு ஆய்வகங்கள் ஒப்பிட்டபோது அளவீடுகளின் சிதறலே 0.29%. ஒரே ஓட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் அளந்ததால்தான் 0.04% கண்ணில் பட்டது. ஆனாலும் அந்த எண்ணை "உருவம்" என்று எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். இதே குறியீடுகளைச் சீரான புலக் குழாயில், ஹீலியத்தில், இரண்டு மூன்று வெப்பநிலைகளில் ஓட்டிப் பார்க்கணும்.