தனிநாயக அடிகளும் பழைய ஏடுகளும்

அறிஞர் ஒருவரின் பணியை மதிப்பிடுவோர், அவர் இயற்றிய நூல்களை எண்ணிக் கூறுவதோடு அமைவது வழக்கம். அவர் எவற்றை அழியாமற் காத்தார், காத்தவற்றை யார் கைக்கு எட்டச் செய்தார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. சேவியர் தனிநாயக அடிகளின் பணியை இவ்வினாக்கள் கொண்டு நோக்கின், அவரைப் பற்றி வழங்கும் புகழுரையொன்று திருத்தம் பெறும். அவர்தம் உண்மைப் புகழோ குன்றாது.

1913 ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்த அடிகள், உரோமாபுரியில் இறையியல் கற்றுக் குருத்துவம் பெற்றவர். திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்தபின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகத் தமிழ் பயின்றார். 1952 இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராக விளங்கிய அவர், 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியற் பேராசிரியராகப் பணிபுரிந்தார். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கும் அவர் முன்னின்றார். அவர் சமயத்தைப் பாடமாகக் கற்பித்த பேராசிரியர் அல்லர். சமயத் துறவியாய் நின்று தமிழாய்வை வளர்த்த பேராசிரியர். திருச்சபையின் ஏட்டுக்களரிகளைத் தமிழ்க் கண்கொண்டு காண்பதற்கு இவ்விரட்டை நிலை அவருக்குத் துணைசெய்தது.

ஐரோப்பியக் குருமார் தமிழில் எழுதி அச்சிட்ட பழைய நூல்கள் பல கடல்கடந்த நூலகங்களில் தங்கியிருந்தன. 1554 இல் உரோம எழுத்துக்களைக்கொண்டு தமிழை அச்சேற்றிய ஞானோபதேச நூல் இலிசுபனில் இருந்தது. தமிழெழுத்திலேயே 1578 இற் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அமெரிக்காவின் ஆர்வார்டு நூலகத்தை அடைந்திருந்தது. அந்தாம் தெ புரொவென்சா தொகுத்து, 1679 இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்திற் பேணப்பட்டது.

இவற்றையெல்லாம் அடிகளே முதன்முதற் கண்டுபிடித்தார் என்று மேடைகளிற் கூறப்படுவதுண்டு. இக்கூற்று அவ்வாறே கொள்ளத்தக்கதன்று. ‘தம்பிரான் வணக்கம்’ பற்றிச் சூர்காமரும் கொத்திரலும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை ஆர்வார்டு நூலக இதழில் 1952 இலேயே வெளிவந்துவிட்டது. அடிகளின் சிறப்பு முதலிற் கண்டமையில் அன்று. கண்டதைத் தமிழுலகின் உடைமையாக்கியமையிலேயே தங்கியுள்ளது. தம் இதழில் இப்பழைய அச்சு நூல்களைப் பற்றி எழுதித் தமிழாய்வாளரின் கவனத்தை அவற்றின்பால் திருப்பினார். புரொவென்சாவின் அகராதியை 1966 இல் மூலத்தின் நிழற்பதிப்பாகவே கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். அதன்பின் அவ்வகராதியைக் காண வத்திக்கான் செல்லவேண்டுவதில்லை என்றாயிற்று.

மதமாற்றங் கருதி எழுந்த நூல்களாற் சைவருக்கு ஆவது யாது என்று ஒரு சாரார் வினவலாம். அவ்வினா முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. அந்நூல்களின் நோக்கம் வெளிப்படை. ஆயினும், புலவர் பயன்படுத்தாத பேச்சுவழக்குச் சொற்களைப் பிறநாட்டார் தாம் கேட்டவாறே பதிந்து வைத்தனர். நிகண்டுகள் விடுத்த சொற்களை அவர்தம் அகராதிகள் தாங்கியுள்ளன. நோக்கம் எதுவாயினும் சான்று சான்றே என்பதை அடிகள் உணர்ந்திருந்தார்.

குறையொன்றும் கூறத்தக்கது. ‘தமிழ்த்தூது’ முதலிய தமிழ் நூல்களை அவர் இயற்றினாராயினும், ஆய்வுக் கட்டுரைகளிற் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்திலேயே எழுதினார். உலகறிஞரைத் தமிழின்பால் ஈர்த்தற்கு அது வேண்டியிருந்தது. எனினும் ஆங்கிலம் அறியாத ஊர்ப்புறத் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் அக்கட்டுரைகள் எட்டாதிருந்தன. வத்திக்கானிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ஏடு வன்னிக்கு வந்துசேரவில்லை.

அடிகளின் பதிப்புப்பணி ஈழத்துக்குப் புதியதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த சுவடிகளைத் தேடி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஓலையிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த அவர் வழியையே, அரும்பிரதியிலிருந்து நிழற்பதிப்புக்குக் கொணர்ந்த அடிகளும் பின்பற்றினார் எனலாம். பேணுதலாவது பெட்டகத்திற் பூட்டுதல் அன்று, படியெடுத்துப் பரப்புதல் என்பது இருவர் செயலாலும் புலனாகின்றது.

அடிகள் 1980 இல் மறைந்தார். மறுவருடமே, 1981 இல், ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. முன்னரே அச்சேறிப் பரவியிருந்தமையால் யாழ்ப்பாண வைபவமாலை இன்றும் கிடைக்கின்றது. படியெடுக்கப்படாத ஓலைச்சுவடிகளுக்கு அத்தகைய மறுபிறப்பு இல்லை. வன்னியில் இவ்வுண்மை இன்னும் கொடிதாக விளங்கிற்று. இரணைமடுக் குளத்து நீரை நம்பி எழுந்த குடியேற்றங்களுள் ஒன்றாகிய வட்டக்கச்சியின் மக்கள், 2009 இல் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில் கையில் எடுத்தவற்றோடு புறப்பட்டனர். காணி அனுமதிப்பத்திரம், பள்ளிச் சம்பவத்திரட்டு, கோயிற் கணக்கு, கூத்துக் கொப்பி என்பனவே இத்தகைய ஊர்களின் ஏட்டுக்களரி. 

ஆதலின் அடிகளைப் போற்றுவோர் அவர் உருவத்துக்கு மாலையிடுவதோடு நின்றுவிடலாகாது. இக்காலத்து நிழற்படக் கருவி கைத்தொலைபேசியிலேயே அமைந்துள்ளது. நூலகம் போன்ற எண்ணிமத் திட்டங்கள் ஈழத்து ஆவணங்களை ஏற்றுப் பேணுகின்றன. ஒரு மாணவன் தன் பேரனார் எழுதிவைத்த கூத்துக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியைப் பள்ளியிலும் மற்றொரு படியைப் பிற ஊரிலும் வைப்பானாயின், 1966 இல் அடிகள் செய்த பணியின் ஒரு சிறு கூற்றை அவனும் செய்தவனாவான். எஞ்சிய கொப்பிகளும் செல்லரிக்குமுன் இது தொடங்கப்படல் வேண்டும்.