மந்திரக் கணக்கும் 16 இடங்களும்

பிளிசார்டு நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் இணையவழிப் பாத்திர விளையாட்டு, தன் தொடக்ககால விதிகளோடு 2019 ஆகஸ்டில் ‘கிளாசிக்’ என்ற பெயரில் மீண்டும் வந்தது. நாற்பது பேர் ஒன்றுகூடி ஒரு பெரும் எதிரியை வீழ்த்தும் ‘ரெய்டு’ என்ற கூட்டுப்போரே இதன் உச்சம். அங்கே மந்திரத்தால் சேதம் விளைவிக்கும் வகுப்புகளுள் நெருப்பையும் பனியையும் ஏவும் மேஜும், நிழல் மந்திரங்களையும் சாபங்களையும் கையாளும் வார்லாக்கும் முதன்மையானவை. இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலை எங்கே நிற்கிறது, எங்கே சாய்கிறது என்பதே இந்த விமர்சனத்தின் பொருள்.

மந்திரங்களின் அடிப்படைச் சூத்திரத்தில் குறை காண்பது கடினம். அணிகலன்கள் தரும் ‘ஸ்பெல் பவர்’ என்ற மந்திர ஆற்றலில் எவ்வளவு பங்கு ஒரு மந்திரத்தின் சேதத்தோடு சேரும் என்பது, அம்மந்திரத்தை ஏவ ஆகும் அடிப்படை நேரத்தை 3.5 நொடியால் வகுத்துக் கணக்கிடப்படுகிறது. 3.5 நொடி எடுக்கும் ஃபயர்பால் முழு ஆற்றலையும் பெறுகிறது. 3 நொடி எடுக்கும் ஷேடோ போல்ட் ஏறத்தாழ 85.7 சதவீதத்தையும், எதிரியின் நடையையும் மந்தமாக்குவதால் சற்றுக் குறைக்கப்பட்ட ஃபிராஸ்ட்போல்ட் 81.4 சதவீதத்தையும் பெறுகின்றன. திறன்மரத்தில் புள்ளிகளைச் செலவிட்டு ஏவும் நேரத்தை அரை நொடி குறைத்த பிறகும் இந்த விகிதங்கள் மாறாததால், 300 ஆற்றல் உள்ள ஒருவருக்கு நொடிக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஃபயர்பாலில் 100, ஷேடோ போல்ட்டில் ஏறக்குறைய 103, ஃபிராஸ்ட்போல்ட்டில் 98 என்று மிக நெருக்கமாகவே அமைகிறது. இவ்வளவு நேர்த்தியான கணக்கை வகுத்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

சாய்வு நேர்வது வேறோரிடத்தில். எதிரியின்மீது படிந்து நிற்கும் பாதகமான விளைவுகளை ஆட்டக்காரர்கள் ‘டிபஃப்’ என்பர். ஓர் எதிரியின்மீது ஒரே நேரத்தில் 16 டிபஃப்களுக்கு மேல் நிற்க முடியாது என்ற வரம்பு அப்படியே மீட்கப்பட்டது. நாற்பது பேர் வந்த விருந்தில் 16 இலைகளே விரித்தாற்போன்ற இந்த ஏற்பாட்டில், போர்வீரர்களின் கவசப் பிளப்பும் அனைவருக்கும் பயன்படும் சாபங்களும் முதலில் அமர்ந்துவிட, 18 நொடி மெல்ல மெல்ல அரிக்கும் ‘கரப்ஷன்’ மந்திரத்துக்குப் பெரும்பாலும் இடமே கிடைப்பதில்லை. ஒவ்வொரு வார்லாக்கின் கரப்ஷனும் தனித்தனி இடம் கோருவதால், குழுத் தலைவர்கள் அதை ஏவவே வேண்டாம் என்று தடுக்கிறார்கள். நோயும் சாபமும் பரப்பும் வகுப்பென்று அறிமுகமான ஒன்று, ரெய்டில் ஷேடோ போல்ட் என்ற ஒற்றைப் பொத்தானுக்குள் சுருங்கிப்போவது உண்மையான இழப்பு.

மேஜுக்கோ அதே வரம்பு சாதகமாகிறது. நெருப்பு மந்திரம் ‘கிரிட்’ என்ற உச்சத்தாக்காக விழும்போது அதன் சேதத்தில் 40 சதவீதத்தை அடுத்த 4 நொடிகளில் மேலும் எரிக்கும் ‘இக்னைட்’, எத்தனை மேஜ்கள் இருந்தாலும் ஓரிடத்தையே எடுத்துக்கொண்டு ஐந்து அடுக்குவரை வளர்கிறது. ஒருவருடைய கிரிட் இன்னொருவருடைய நெருப்பை அணையாமல் காக்கும் இந்தக் கூட்டு வடிவமைப்பு, ஆடுவோருக்கு இந்த விளையாட்டு தரும் மிகச் சிறந்த அனுபவங்களுள் ஒன்று. ஆனால் மொத்தச் சேதமும் முதலில் பற்றவைத்தவரின் கணக்கிலேயே ஏறுவதால், எதிரியின் சினமும் அவர்மீதே திரும்புகிறது. தன் பங்குக்கு மேல் ஒருவர் புகழும் சாவும் பெறுவது நியாயமன்று. மோல்ட்டன் கோர் என்ற முதல் ரெய்டில் ரக்னரோஸ் உள்ளிட்ட எதிரிகளை நெருப்பு தீண்டவே தீண்டாது என்பதால், அக்கட்டத்தில் மேஜ்கள் பனிக்குத் திரும்ப நேர்கிறது. இது களத்துக்கு ஏற்ற மாற்றம் என்பதால் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

நிழல்வழிப் பூசாரியான ஷேடோ பிரீஸ்டின் நிலை இன்னும் பரிதாபமானது. நிழல் சேதத்தை 15 சதவீதம் உயர்த்தும் அவருடைய டிபஃபுக்காக ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டு, அவருடைய பிற மந்திரங்களை அடக்கிவைப்பதே வழக்கம்.

ஒரு மந்திரத்தின் எண்ணைக் கூட்டிக் குறைப்பதால் இவற்றுள் எதுவும் தீராது. பகிர்ந்துகொள்ளும் இடம் விரிந்தால்தான் வகுப்புகள் தம் இயல்போடு ஆட முடியும். 2021 நவம்பரில் தொடங்கிய ‘சீசன் ஆஃப் மாஸ்டரி’ சேவையகங்களில் பிளிசார்டு இந்த வரம்பை நீக்கியது சரியான முடிவு. பழைய விதிகளை அப்படியே ஆட விரும்புவோர் மேஜைத் தேர்ந்தெடுக்கலாம். வார்லாக்கை அதன் முழு வடிவில் ஆட விரும்புவோர் வரம்பில்லாத சேவையகத்தையே நாட வேண்டும்.