கோட்டையும் துறையும்

ஓர் ஊரைக் கண்டிராதவருக்கு அதை ஒரே கட்டடத்தால் காட்டிவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அமெரிக்க நகரங்களில் அது ஆழ வேரூன்றியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ என்றதும் 1937-இல் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலம் நினைவுக்கு வருகிறது. நியூயோர்க் என்றதும் 1886-இல் நிறுவப்பட்ட சுதந்திரதேவி சிலை. செயின்ட் லூயிஸ் என்றதும் 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட 630 அடி உயர வளைவு. யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்கும் இவ்வழக்கம் வந்து சேர்ந்துவிட்டது. சுற்றுலா வருகிறவருக்கு ஊர்காவற்றுறை என்றால் கடற்கோட்டை, நெடுந்தீவு என்றால் ஒல்லாந்தர் கோட்டையின் இடிந்த சுவர், நயினாதீவு என்றால் கோபுரம் அல்லது விகாரை. வழக்கத்தை நான் ஏற்கிறேன். தீவகத்துக்காக நடந்திருக்கும் தேர்வைத்தான் ஏற்க முடியவில்லை.

வழக்கத்தின் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். சிதறிப்போன சனத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். போர் தொடங்கியபின், குறிப்பாக 1990-க்குப் பிறகு, தீவகத்தின் பெரும்பகுதி ஆளற்றுப் போனது. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் பிறந்த பிள்ளைகளுக்கு ஒழுங்கையையும் கிணற்றையும் வாயால் விளக்கிப் புரியவைக்க முடியாது. ஒரு கோபுரத்தைக் காட்டினால் புரியும். நயினை நாகபூசணி அம்மன் கோயில் அந்த வேலையைச் செவ்வனே செய்கிறது. போர்த்துக்கேயர் இடித்த கோயில் 1788-இல் மீண்டும் எழுந்தது. இனக்கலவரத்திலும் போரிலும் சேதப்பட்டது, திருத்தப்பட்டது. 2012-இல் 108 அடி இராஜகோபுரம் கண்டது. இதிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கட்டடம் ஊரின் அடையாளமாவதற்கு, அதை யார் கட்டினார்கள் என்பதைவிட, யார் புழங்குகிறார்கள், உடைந்தால் யார் திருத்துகிறார்கள் என்பவை பெரிய கேள்விகள்.

அந்த அளவுகோலில் கோட்டைகள் தேறுவதில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர். 1658-இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுப் பிடித்தனர். யாழ்ப்பாண நிலப்பரப்பு அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடை போலத் தெரிந்ததாம். அதன் குதிகால் என்ற பொருளில் ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது சிறையானது, 1971 கிளர்ச்சிக்காரர் அங்கே அடைபட்டனர், இன்று கடற்படை நடத்தும் விடுதியாக இருக்கிறது. இத்தனை கைமாற்றத்திலும் அது ஊராரின் கைக்கு ஒருமுறையும் வரவில்லை. ஆனால் ஊர்வாயில் அதற்குப் பூதத்தம்பி கோட்டை என்ற பெயரும் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் சூழ்ச்சிக்குப் பலியானவன் என்று கதை சொல்லும் ஒருவனின் பெயரை, அந்த ஆட்சியின் கோட்டைக்கே மக்கள் சூட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தில் நமக்கு உரிமையான பகுதி என்று நான் எண்ணுவது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

நெடுந்தீவில் இதே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்குள்ள கோட்டை பவளக்கல்லால் கட்டியது. வளவுக்கு வளவு ஓடும் வேலிகளும் அதே கல்தான். சாந்து பூசாமல், கல்லின் மேல் கல்லைப் பொருத்தி அடுக்கியவை. மண் மெலிந்து பாறை மேலெழும் தீவில், நிலத்தைத் துப்புரவாக்கவும் காற்றைத் தடுக்கவும் கால்நடையிடமிருந்து பயிரைக் காக்கவும் ஒரே வேலையில் வழி கண்டவர்களின் கைத்திறன் அது. கோட்டை இடிந்து கிடக்கிறது, வேலி சரிந்தால் வளவுக்காரர் மறுபடி அடுக்குகிறார். ஒரே கல்லில் இரண்டு வரலாறுகள் இருக்க, அறிவிப்புப் பலகை முதலாவதற்குத்தான் கிடைத்திருக்கிறது.

நயினாதீவின் கோபுரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தென்னிலங்கையிலிருந்து வரும் பௌத்த யாத்திரிகருக்கு அதே தீவு நாகதீபம். புத்தர் வந்து இரு நாக அரசர்களின் பிணக்கைத் தீர்த்த தலம். எந்தக் கட்டடத்தை அடையாளமாக எடுக்கிறோமோ அதன் பெயரே தீவின் பெயராகிவிடுகிறது. வழிபாட்டில் இரண்டுக்கும் இடமிருக்கலாம். அடையாளம் என்று வரும்போது ஒன்று மற்றதை மறைத்துவிடுகிறது; நயினாதீவு என்ற பெயருக்காகவே ஊரவர் வாதாட வேண்டியிருக்கிறது. அதோடு ஒரு தீவின் கோபுரம் ஏழு தீவுகளுக்கும் பேச இயலாது.

ஏழுக்கும் பேசக்கூடியது துறை. இதற்குச் சான்று ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. ஊர்காவற்றுறையின் இறுதியில் நிற்பது துறை. அவ்வூருக்கு ஐரோப்பியர் வழி வந்த கயிற்ஸ் என்ற பெயரின் மூலமான போர்த்துக்கேயச் சொல்லுக்கும் கப்பல்துறை என்பதே பொருள். நயினாதீவில் கிடைத்த, 12-ஆம் நூற்றாண்டின் முதலாம் பராக்கிரமபாகு காலத் தமிழ்க் கல்வெட்டு இதை உறுதிப்படுத்துகிறது. பரதேசத்து வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும், அவர்களுக்குக் காப்பு உண்டு என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கலம் என்றால் பாதிப் பாதி. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே தீவகத்தை வெளியார் அறிந்தது அதன் துறையால்தான். கோட்டைகள் வந்தது அதன்பிறகு.

துறைக்கு என்ன அழகு, வெறும் சீமெந்து மேடையும் கட்டுமரக்குற்றிகளும்தானே என்று கேட்கலாம். கோல்டன் கேட் பாலமும் பயன்பாட்டுக்குக் கட்டியதுதான். நாள்தோறும் மக்கள் அதைக் கடப்பதால்தான் அது சிலையைவிட நெருக்கமான அடையாளமாயிற்று. மாறாக செயின்ட் லூயிஸில் அந்த வளைவு நிற்கும் நினைவிடத்தை அமைக்க ஆற்றங்கரையின் பழைய நகரில் சுமார் நாற்பது தெருத்தொகுதிகளை இடித்துத் தள்ளினார்கள். நகரைக் குறிக்க வந்த சின்னம் நகரின் ஒரு பாகத்தைத் தின்றது. கோட்டையால் சுற்றுலா வருமானம் வருகிறது என்பது வலுவான மறுப்பு. அதை நான் தள்ளவில்லை. கோட்டையைப் பேணட்டும், காட்டட்டும். ஆனால் நெடுந்தீவுக் கோட்டையைப் பார்க்க வருகிறவரும் குறிகட்டுவான் துறையில் நின்று படகேறித்தான் போகிறார். தீவகத்தாரில் பலர் ஆசுப்பத்திரிக்குப் போவதும் அரிசிமூட்டை கொண்டுவருவதும் அந்த வழியால்தான். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும் மிதவைக்கு மக்கள் வைத்த பெயர் ‘பாதை’. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதி வாணர் பாலம் என்று வழங்குகிறது. அது அமையப் பாடுபட்ட ஊரவரின் பெயர் அது.

துறை பிரிவின் இடமுமல்லவா, அதைப் பெருமைச் சின்னமாக்கலாமா என்ற கேள்வியே எனக்குக் கனமானது. பெருமையை மட்டும் சொல்லும் சின்னம் தீவகத்துக்குப் பொருந்தாது என்பதே என் பதில். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட அதிலிருந்தோரில் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்தப் படகு திருத்தப்பட்டு அதே கடலில் மறுபடியும் சனத்தை ஏற்றி ஓடியது. தீவகத்துப் பள்ளிகளும் ஊர்ச்சங்கங்களும் இனி ஒரு சின்னம் வரையும்போது கோட்டைச் சுவரை விட்டுவிட்டு, துறையையும் அதில் கட்டிய படகையும் வரையட்டும். குமுதினியில் இறந்தவர்களுக்கான நினைவிடமும் நெடுந்தீவின் மாவிலித்துறையில்தான் இருக்கிறது.