லூத்தரும் செருமானியப் பொதுமொழியும்

செருமானியப் பொதுமொழியைப் படைத்தவர் மார்ட்டின் லூத்தரே என்பது பலரும் வழிவழியாகக் கூறிவரும் கூற்று. 1522இல் புதிய ஏற்பாட்டையும் 1534இல் விவிலியம் முழுவதையும் அவர் செருமானியத்தில் வெளியிட்டார். சிதறிக் கிடந்த வட்டாரப் பேச்சுகள் அதனால் ஒரு மொழியாயின என்பர். கேட்பதற்கு இனிய இக்கூற்று ஆராய்ச்சியின் முன் நிற்குமா?

அப்பேச்சுகளிடையே உள்ள பெரும் பிளவு, லூத்தருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. தெற்கே மேட்டுநிலத்து மக்களின் வாயில் ப, ட, க என்னும் வல்லொலிகள் உரசொலிகளாகத் திரிந்தன. வடக்கே கடலோரச் சமவெளியில் அவ்வாறு திரியவில்லை. தண்ணீரை வடக்கே 'வாட்டர்' என்றனர். தெற்கே 'வாஸ்ஸர்' என்றனர். ஆங்கிலம் அறிந்தோர் இவற்றுள் பழைய ஒலி எதுவென எளிதில் உணர்வர். மேட்டுநிலச் செருமானியம், தாழ்நிலச் செருமானியம் என்னும் பெயர்கள் நிலத்தின் உயரத்தையே குறிப்பன. மொழியின் உயர்வு தாழ்வை அல்ல. இதனை உணராது, வட்டார வழக்குகள் யாவும் பொதுமொழியின் சிதைவுகள் என்பாரும் உளர். பொதுமொழி தோன்றுமுன்பே வாழ்ந்தவை அதன் சிதைவாதல் எங்ஙனம்?

லூத்தர் தாம் புதுமொழி படைத்ததாக எங்கும் கூறினாரல்லர். சாக்சனி அரசின் ஆவண வழக்கையே தாம் பின்பற்றுவதாக அவரே மொழிந்துள்ளார். அவ்வழக்கும் எல்லார்க்கும் விளங்கியதன்று. 1523இல் பாசல் நகரத்து அச்சகத்தார் ஆதாம் பெத்ரி, லூத்தரின் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, தென்னாட்டு வாசகர்களுக்கென அருஞ்சொற்பொருள் ஒன்றையும் சேர்க்க நேர்ந்தது! உதட்டை லூத்தர் 'லிப்பெ' என எழுதினார். தென்னாட்டாரோ 'லெஃப்ட்ஸெ' என்றே அறிந்திருந்தனர். இன்று 'லிப்பெ' பொதுச்சொல்லாகி நிற்க, 'லெஃப்ட்ஸெ' பொதுமொழியில் நாய் முதலிய விலங்குகளின் உதட்டைக் குறிக்கும் அளவிற்குப் பொருள் சுருங்கிவிட்டது. ஒரு சொல் வென்றதையும் மற்றொன்று தாழ்ந்ததையும் அச்சிறு பட்டியல் இன்றும் காட்டி நிற்கிறது. வடக்கேயோ பட்டியல் போதவில்லை. லூத்தரின் விவிலியமே தாழ்நிலச் செருமானியத்தில் பெயர்க்கப்பட்டு, 1534இல் லூபெக்கு நகரில் வெளிவந்தது.

அங்ஙனமாயின் லூத்தரின் பெருமை யாது? சொல்லைத் தேர்ந்த முறையும் வாக்கியத்தின் நடையுமே எனலாம். வீட்டில் தாயும் தெருவில் குழந்தைகளும் சந்தையில் எளிய மனிதனும் பேசுவதைக் கேட்டே மொழிபெயர்த்தல் வேண்டும் என 1530இல் அவர் எழுதினார். ஆவண மொழியின் இறுக்கத்தைத் தளர்த்தி அதனைச் செவிக்கு உரியதாக்கியது அவர் செய்த பெரும்பணி. அதனைப் படைப்பு என்பது மிகை.

ஒலிப்பின் வரலாறு இதனினும் வியப்பானது. ஹான்சா வணிகர் ஒருகால் கடல்கடந்து வழங்கிய தாழ்நிலச் செருமானியம், பதினாறாம் நூற்றாண்டு முதல் எழுத்துலகில் தளர்ந்தது. வடக்கர் புதிய பொதுமொழியை, பிறமொழி கற்பார்போல், நூலைக் கண்டு எழுத்தெழுத்தாக ஒலித்துக் கற்றனர். அவ்வொலிப்பே திருத்தமானது எனப் பின்னர் மதிக்கப்பட்டது. 1898இல் தியோடர் சீப்சு வெளியிட்ட நாடகமேடை ஒலிப்பு நூலும் பெரிதும் அதனையே தழுவியது. தம் மொழியை எழுத்தில் இழந்தவரே வென்ற மொழிக்கு ஒலிப்பை வழங்கினர்.

சுவிட்சர்லாந்தில் நிலை வேறு. சூரிச்சு நகரத்தார் எழுதுவது பொதுமொழி. வீட்டிலும் கடையிலும், கற்றோர் கல்லாதோர் என்னும் வேறுபாடின்றி, பேசுவது தம் வட்டார மொழியே.