மூலிகையும் மனிதனும்

நாட்டுப் பாடலொன்றைக் கற்பிக்கும்போது, அதனைப் பாடியவர் யார், எவ்வேலை செய்துகொண்டு பாடினார் என மாணவரைக் கேட்பது எம் வழக்கம். அமேசன் மழைக்காட்டுக்குச் செல்லும் பயணிகள் விரும்பிப் படிக்கும் நூல்களிடமும் அதே கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். நோய் தீர்ப்போராகவும் ஆவியுலகோடு உறவாடுவோராகவும் மதிக்கப்படும் ஷாமன்களைப் பற்றியவை இவை. கொடியொன்றையும் இலையொன்றையும் சேர்த்துக் காய்ச்சும் அயவாஸ்கா என்னும் பானமே இவற்றின் நடுநாயகம். கொலம்பியாவில் அதனை யாகே என்பர்.

வில்லியம் பறோஸ், அலன் கின்ஸ்பேர்க் ஆகியோரின் ‘யாகே கடிதங்கள்’ 1963இல் வெளிவந்தது. பறோஸ் 1953இல் கொலம்பியாவிலும் பேருவிலும் அலைந்த கதை அதில் உண்டு. அங்கதக் கூர்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர் தேடியது தம் அகத்துக்கு ஒரு விடுதலை. காட்டு மக்கள் பானம் ஊற்றித்தரும் கைகளாகவே நின்றுவிடுகின்றனர்.

வேட் டேவிஸின் ‘ஒரே ஆறு’ (1996) அறிவு நிறைந்த நூல். தாவரவியலாளர் ஷுல்டிஸின் பயணங்களை அது பரிவோடு சொல்கிறது. இறப்பர் வணிகத்தின் கொடுமைகளையும் மறைக்கவில்லை. எனினும், காவிய நாயகன் வெளியிலிருந்து வந்த அறிஞனே.

மைக்கல் டௌசிக் 1987இல் எழுதிய நூல் இன்னும் ஆழச் செல்கிறது. புட்டுமாயோ ஆற்றங்கரையில், இலண்டனிற் பதிவுபெற்ற கம்பனியொன்று இறப்பருக்காகப் பழங்குடிகளைச் சித்திரவதை செய்ததை றொஜர் கேஸ்மன்ட் 1910இல் நேரிற் சென்று விசாரித்தார். காட்டு மனிதனை அஞ்சிய வெள்ளையரே அவனிடம் மாயமருந்தையும் நாடினர் என்பதை டௌசிக் உணர்த்துகிறார். கடினமான நடை அந்நூலின் குறை.

இவ்வரலாறு எமக்கு அந்நியமன்று. அயவாஸ்காக் கொடியைத் தாவரவியலுக்கு அறிமுகஞ்செய்த றிச்சாட் ஸ்புறூஸே 1860இல் எக்குவடோரில் சிங்கோனா விதைகளைத் திரட்டி ஆங்கில அரசுக்கு அளித்தார். மறு ஆண்டில் ஹக்கலைத் தோட்டம் சிங்கோனாவுக்கென ஆரம்பிக்கப்பட்டது. 1876இல் பிறேசிலிலிருந்து கியூவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இறப்பர் விதைகளின் நாற்றுகள் அவ்வாண்டே இலங்கையை அடைந்தன. அக்காட்டின் மரத்தில் இன்றும் பால்வெட்டும் எம் தொழிலாளி, அமேசன் வரலாற்றுக்கு உறவினனே.

யனோமாமி ஷாமனாகிய டாவி கொப்பெனாவா சொல்ல, மானிடவியலாளர் புறூஸ் அல்பேர்ட் பிரெஞ்சில் எழுதிய ‘விழும் வானம்’ 2010இல் வந்தது. இங்கே ஷாமன் காட்சிப்பொருளல்லன், பேசுபவன். ஆவிகளைப் பற்றிச் சொல்லும் அதே வாய், பொன் தோண்ட வந்தோர் கொணர்ந்த நோயையும், 1992இல் அரசின் அங்கீகாரம் பெற்ற நிலத்துக்கான போராட்டத்தையும் சொல்கிறது. பிறர் பேனா இடைநின்றபோதும் குரல் அவருடையதே.

பயணிக்கு நாம் சொல்வது இதுவே: முதலில் கொப்பெனாவாவைப் படியுங்கள். நிலத்தை இழந்த மக்களிடம் மருந்து மட்டும் கேட்டுச் செல்வது பயணமன்று. பழைய வணிகத்தின் தொடர்ச்சியே.